பிரோக்கன் ஹில்லுக்குக் குடிவருகிறவர்களுக்கு

வந்து இறங்கியதும் கடிகாரத்தைச் சரிபாருங்கள். பிரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஊர்தான். ஆனால் அதன் நேரம் பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவினுடையது, சிட்னிக்கு அரை மணி பின்னால். சிட்னி 1,100 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு, அடிலெய்டு 500 கிலோமீட்டர் சொச்சம். அதனால் ஊர்க்காரர்கள் எதற்கும் அடிலெய்டைத்தான் பார்க்கிறார்கள். நமக்கும் அப்படித்தான்: ஓக்லண்ட்ஸ் பார்க் பிள்ளையார் கோயிலும் இட்லி அரிசியும் அங்கேதான் இருக்கின்றன. போவதற்கு ஐந்தரை மணி நேரம் ஆகும்.

செவிலியர், மருத்துவர், சுரங்கப் பொறியாளர் வேலைகளுக்காக நம்மவர்கள் இந்த ஊருக்கு வருகிறார்கள். 491 என்ற தற்காலிகப் பிராந்திய விசாவில் வருகிறவர்கள், நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டிய மூன்று ஆண்டுகளை எண்ணிக்கொண்டே பெட்டியைப் பிரிக்காமல் வாழ்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தம் தருகிறது. மூன்று ஆண்டு என்பது ஒரு குழந்தை பேசக் கற்று, நடக்கக் கற்று, பள்ளி வாசலுக்கு வந்துவிடும் காலம்.

நான் நெய்வேலியில் வளர்ந்தவன். சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போனவன். இங்கே ஊரின் நடுவிலேயே அப்படியொரு கரிய மேடு நிற்கிறது. வெள்ளி, ஈயம், துத்தநாகம் எடுத்து மிஞ்சியது அது. அவை கிடைத்தது, ஆட்டுப்பண்ணையின் எல்லை வேலிகளைக் காத்துவந்த சார்ல்ஸ் ராஸ்ப் 1883-இல் கண்டெடுத்த தாதுப்பாறையிலிருந்து. பிஎச்பி என்ற பெரிய சுரங்க நிறுவனம் 1885-இல் உருவானதும் இந்தத் தாதுவால்தான். தெருக்களுக்கு ஆர்ஜென்ட், ஆக்சைடு, குளோரைடு, சல்ஃபைடு, கோபால்ட் என்று பெயர். முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த மேட்டின் மேலிருக்கும் சுரங்கத் தொழிலாளர் நினைவிடத்துக்குப் போங்கள். 800-க்கு மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொன்றின் அருகிலும் எப்படி இறந்தார் என்பது. அதைப் படித்துவிட்டு இறங்கினால், இந்த ஊர் ஏன் தொழிற்சங்கத்தை உறவுபோல நினைக்கிறது, ஒருவர் விழுந்தால் ஏன் பத்துப் பேர் ஓடிவருகிறார்கள் என்பது விளங்கிவிடும்.

ஒரு சொல்லை வந்த சில நாளிலேயே கேட்பீர்கள். இங்கே பிறந்தவர் 'ஏ குரூப்'. மற்ற எல்லாரும் 'வெளியிலிருந்து வந்தவர்'. மனம் நோக வேண்டாம். முப்பது ஆண்டுகளாக இங்கே வாழும் வெள்ளைக்காரருக்கும் அதே பட்டம்தான். நிறத்தையோ நாட்டையோ பார்த்துச் சொல்வதில்லை. நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பதைவிட, என்ன செய்யக் கை நீட்டுகிறீர்கள் என்பதைத்தான் ஊர் கவனிக்கிறது.

ஏறக்குறைய 17,500 பேர் வாழும் ஊர் இது. பக்கத்தில் உதவிக்கு வர வேறு நகரம் கிடையாது. புயலில் கூரை பறந்தால் வருவது மாநில அவசர சேவையின் தன்னார்வலர்கள். தனியே வாழும் முதியவருக்கு மதிய உணவு கொண்டுபோவதும் தன்னார்வலர்கள்தான். சமூக வானொலியில் பேசுவது, விளையாட்டுப் போட்டியில் மதிப்பெண் எழுதுவது, குதிரைப் பந்தய நாளில் வாயிலில் நிற்பது என்று எதை எடுத்தாலும் யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் செய்கிறார். பறக்கும் மருத்துவர் சேவையின் தளம் இங்கே விமான நிலையத்தில் இருக்கிறது. அந்தச் சேவைக்கு நிதி திரட்ட மகளிர் துணைக்குழு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் புட்டிங் செய்து விற்கிறது. மாவு பிசையவும் துணியில் கட்டவும் எப்போதும் கை தேவைப்படும். ஆங்கிலம் தயங்கித் தயங்கிப் பேசும் நம் அம்மாக்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. சமையலறையில் மொழி தானாக வரும்.

எனக்குப் பிடித்தது ஊரைச் சுற்றியுள்ள பசுமை வளையம். சுரங்கத்துக்காக மரங்களை வெட்டி, ஆடுமாடு மேய்த்து, முயல் பெருகி, 1930-களில் ஊர் மணலில் புதைந்துகொண்டிருந்தது. வேலிகள் மேல் மணல் ஏறி நின்றது. சுரங்க நிறுவனத்தில் தாது சோதிப்பவராக இருந்த ஆல்பர்ட் மோரிஸ், ஓய்வு நேரத்தில் தாவரங்களைப் படித்தவர். வேலி போட்டு முயலையும் ஆட்டையும் வெளியே நிறுத்தினால் இந்த மண்ணின் செடிகள் தாமே எழும் என்றார். 1936-இல் வேலை தொடங்கியது. செடிகள் எழுந்தன. அவர் 1939-இல் இறந்துவிட்டார். அந்த வளையம் இன்றும் புழுதியைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே களை பிடுங்கவும் குப்பை பொறுக்கவும் போகும் காலைகளில்தான் உப்புப் புதரையும் முல்கா மரத்தையும் பெயர் சொல்லி அறிந்தேன். ஒரு ஊரின் செடிகளுக்குப் பெயர் தெரிந்துவிட்டால் அங்கே அந்நியமாக இருப்பது கடினம்.

ஒரே சமயத்தில் நான்கு குழுவில் பெயர் கொடுக்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மழையோ வெயிலோ, சொன்ன நாளில் போய் நில்லுங்கள். வராத நாளில் முன்கூட்டியே சொல்லுங்கள். 'பார்க்கலாம்' என்று மரியாதைக்குச் சொல்லும் நம் வழக்கம் இங்கே குழப்பம் தரும். முடியாது என்றால் முடியாது என்று சொல்வதையே மதிக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். நாற்காலி மடக்கி, பாத்திரம் துடைக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் உண்மையான பேச்சு நடக்கும். எனக்கு வீடு வாடகைக்குக் கிடைத்தது அப்படிப் பாத்திரம் துடைத்த ஒரு மாலையில்.

குழந்தைகளோடு சேர்ந்த பணி என்றால் அதற்கான அரசுச் சரிபார்ப்பு வேண்டும். தன்னார்வலருக்குக் கட்டணம் இல்லை. சில இடங்களில் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். விசா நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: லாபத்துக்கு நடக்கும் கடையோ நிறுவனமோ 'கொஞ்ச நாள் தன்னார்வமாக வேலை செய்யுங்கள்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது தொண்டு ஆகாது. கூலி கொடுக்க வேண்டிய வேலை. நம் பிள்ளைகள் சிலர் இப்படி ஏமாந்ததை அறிவேன்.

அழைப்பிதழில் 'ஒரு தட்டு கொண்டு வாருங்கள்' என்றிருந்தால் பலர் பகிர்ந்து உண்ணும் ஏதாவது பலகாரத்தோடு போக வேண்டும் என்று பொருள். எலுமிச்சைச் சாதம் நன்றாகப் போகும். முந்திரி போட்டிருந்தால் சீட்டில் எழுதி வையுங்கள். சைவ உணவில் முட்டையை ஏற்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கேரட்டும் சீஸும் துருவி மயோனைஸில் பிசைந்த 'சீஸ் ஸ்லா' இந்த ஊரின் சொந்த உணவு, எங்கும் கிடைக்கும். வயதானவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அம்மா வயதுக்காரரைப் பெயரிட்டு அழைக்க எனக்கு ஓராண்டு நாக்கு எழவில்லை. ஆனால் 'மேடம்' என்றால் அவர்களுக்குத் தள்ளி நிறுத்தியதுபோல் இருக்கிறது.

வீட்டைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் ஈயம் இருக்கிறது. சிறு குழந்தை இருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். சாப்பிடும் முன் கை கழுவுவது, தூசியை ஈரத் துணியால் துடைப்பது, செருப்பை வாசலில் விடுவது ஆகியவற்றை விடாதீர்கள். கீரையும் வெண்டையும் போட ஆசை வரும். நிலத்தில் நேரே போடாமல், வெளியிலிருந்து வாங்கிய நல்ல மண்ணை உயரமான பாத்தியில் நிரப்பிப் போடுங்கள். கறிவேப்பிலை தொட்டியில் இருக்கட்டும். குளிர்கால இரவில் உறைபனி விழும்போது உள்ளே தூக்கி வைக்கலாம்.

அந்தி சாய்ந்தபின் நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள். கங்காருவும் ஈமுவும் குறுக்கே வரும். காரில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கார் நின்றுவிட்டால் அதைவிட்டு நடந்து போகக் கூடாது.

2024 அக்டோபர் 17 அன்று அடித்த சூறைக்காற்றில் மின்கோபுரங்கள் சாய்ந்து, ஊர் நாள்கணக்கில் மின்சாரம் வருவதும் போவதுமாகத் தவித்தது. முதல் இரவு எங்கள் கதவைத் தட்டியவர் எதிர்வீட்டுப் பாட்டி. கையில் கேஸ் அடுப்பு. 'குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டுமே' என்றார். மறுநாள் அவருடைய குளிர்பெட்டியில் உருகிக்கொண்டிருந்த காய்கறிகளை வாங்கி வந்து, தெருவுக்கே ஒரு பெரிய சாம்பார் வைத்தோம்.

இது ஆதிக்குடிகளான வில்யாகலி மக்களின் மண். கூட்டங்களின் தொடக்கத்தில் அவர்களின் முன்னோருக்கு வணக்கம் சொல்லும்போது கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். 'பாக்கா' என்று பார்கிண்ட்ஜி ஆதிக்குடி மக்கள் அழைக்கும் டார்லிங் ஆறு வற்றும்போது அவர்கள் முகத்தில் தெரிவதைக் காவிரிக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பொங்கல் வருவது இங்கே கடும் கோடையில். அன்று முழு நெருப்புத் தடை அறிவித்திருந்தால் முற்றத்தில் விறகு மூட்டக் கூடாது. தடை உண்டா என்று முந்தைய மாலையே தீயணைப்புச் சேவையின் அறிவிப்பைப் பார்த்துவிடுவோம். தடை இருந்தால் பானை உள்ளே கேஸ் அடுப்பில் ஏறும். எப்படியானாலும் வெயில் ஏறுமுன் ஆறு மணிக்குத் தொடங்கிவிடுவோம். தெருக்காரர்களும் வருவார்கள். நீங்களும் வாருங்கள், நாற்காலிகள்தான் போதவில்லை, இரண்டு எடுத்து வாருங்கள்.