ஹார்மோன் டெஸ்டுக்கு முன் சீரத்தைச் சரிபார்ப்பது எப்படி?

டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), இன்சுலின், கார்டிசால், எதுவானாலும் டியூபை மெஷினில் ஏற்றுமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம், வெளிர்மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு தெரிந்தால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. இன்சுலின் கேட்டிருந்தால் வேறு மாதிரி வாங்கிவிடுங்கள். சிவப்பணுக்குள் இன்சுலினைச் சிதைக்கும் நொதி இருப்பதால் நேரம் போகப்போக அளவு குறையும். மற்ற டெஸ்டுகளுக்கு எவ்வளவு சிவப்பு வரை ஏற்கலாம் என்பது கிட்டோடு வரும் தாளில் இருக்கும்.

அடுத்து ஃபைப்ரின், அதாவது ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்புரதம். ரத்தத்தை 30 நிமிடமாவது நிமிர்த்தி வைத்து உறையவிட்ட பிறகே சென்ட்ரிபியூஜில் (சுழற்றிப் பிரிக்கும் கருவி) வையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து போட்ட நோயாளிக்கு இன்னும் நேரமாகும். அவசரப்பட்டால் சீரத்தில் நூல் நூலாக ஃபைப்ரின் நிற்கும். அது ப்ரோபை (மாதிரியை உறிஞ்சும் ஊசி) அடைத்தால் மெஷினே எச்சரிக்கும். அடைக்காமல் உள்ளே போய்விட்டால்தான் ஆபத்து: கழுவி வெளியேற வேண்டிய ரீஏஜென்டை (டெஸ்டுக்கான வேதிப்பொருள்) பிடித்துவைத்து, இல்லாத ஹார்மோனை இருப்பதாகக் காட்டலாம். மரக்குச்சியால் நூலை எடுத்து, சீரத்தைத் தனி டியூபுக்கு மாற்றிச் சுழற்றுங்கள். சீரத்தையும் அணுக்களையும் பிரிக்கும் ஜெல் உள்ள டியூபை அப்படியே மறுபடி சுழற்றாதீர்கள். ஜெல்லுக்கு அடியில் அணுக்களோடு கிடந்த சீரம் மேலே வந்து பொட்டாசியத்தை உயர்த்திவிடும்.

கண்ணுக்கே தெரியாதது ஈ.டி.டி.ஏ. (ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாதிருக்கப் போடும் பொருள்) கலப்பு. ஊதா மூடி டியூபை முதலில் நிரப்பினாலோ, அதிலிருந்து கொஞ்சம் சீரம் டியூபுக்கு ஊற்றினாலோ இது நேரும். சீரம் பளிச்சென்றே இருக்கும். சந்தேகமென்றால் அதே டியூபில் பொட்டாசியம், கால்சியம், அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஆகிய மூன்றையும் போடுங்கள். பொட்டாசியம் எகிறி, மற்ற இரண்டும் சரிந்தால் கலப்புதான். துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் ஈ.டி.டி.ஏ. பிடித்துக்கொள்வதால் அந்த நொதி செயலிழக்கிறது. அதே நொதியால் ஒளி உண்டாக்கும் மெஷின்களில் ஹார்மோன் அளவும் தவறும். இதைச் சரிசெய்ய வழியில்லை, மறுபடி ரத்தம் எடுங்கள். ஏ.சி.டி.எச். (அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) விதிவிலக்கு, அதை ஊதா மூடியில்தான் எடுக்கவே வேண்டும்.

கடைசியாக, முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். பயோட்டினை ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் இறுகப் பிடிக்கும் முறையில் இயங்கும் சில மெஷின்களில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து, ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்) பொய்யாக உயர்ந்து, தைராய்டு மிகையாகச் சுரப்பதுபோலவே ரிப்போர்ட் வரும். 5 முதல் 10 மில்லிகிராம் சாப்பிடுபவரென்றால் கடைசி மாத்திரைக்குப் பிறகு 8 மணி நேரமாவது கழித்து எடுங்கள். அதற்கு மேல் சாப்பிடுபவருக்கு இன்னும் அதிக இடைவெளி வேண்டும்.