பனியைப் புகை என்று துணிவது: தத்துவத்தை அன்றாடத்துக்குக் கொண்டுவரும்போது நேரும் தவறுகள்

குமரி மாவட்டத்தில், குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில், விடியற்காலையில் மலைமேல் வெள்ளையாக ஏதோ எழும்பி நிற்கும். பனியாக இருக்கலாம், தோட்டத்தில் சருகு எரிகிற புகையாகவும் இருக்கலாம். எது என்று தெளியுமுன்னே "அங்கே தீ இருக்கிறது" என்று முடிவுகட்டுவது பிழை என்கிறது பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 29ஆம் காதை. காரணம் போலத் தோன்றியும் காரணம் ஆகாதவற்றை அது வகைவகையாக அடுக்குகிறது. ஆவியா, பனியா, புகையா என்ற ஐயம் தீராததைக் காரணமாகக் காட்டுவது அவற்றில் ஒன்று.

நம் மனத்தாங்கல்களில் பாதி இந்த வகைதான். "காலையில் மேனேஜர் கோபமாக இருந்தார், என் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை" என்கிறோம். அவர் கோபமாக இருந்தாரா என்பதே இன்னும் பனிதான். இன்னொரு வகை உண்டு. அங்கே காரணம் உறுதியானது, ஆனால் முடிவோடு ஒட்டாது. "துபாயில் இருக்கிற மகன் மூன்று நாளாகப் போன் செய்யவில்லை, மறந்துவிட்டான்" என்பது அப்படி. போன் வராதது உண்மை. மறக்காத பிள்ளைக்கும் நைட் ஷிப்ட் வரும். இந்த வகைக்கு மணிமேகலை சொல்லும் பெயர் அநைகாந்திகம்.

பெயர்களை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. ஒரு தாளில் மூன்று வரி எழுதினால் போதும். முதல் வரியில் நீங்கள் துணிந்த முடிவு. இரண்டாவதில் அதற்கான காரணம், கண்ணால் கண்டது அல்லது காதால் கேட்டது மட்டும். மூன்றாவதில், அந்தக் காரணம் அப்படியே இருந்தும் முடிவு பொய்யாகக்கூடிய ஒரு சந்தர்ப்பம். மூன்றாம் வரி சுலபமாக எழுத வந்துவிட்டால், முதல் வரியை இன்னும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அடுத்த தவறு சொல்லில் நேர்வது. இதைக் கேரள எல்லைப்புறத்து ஆட்களுக்கு விளக்குவது எளிது. 'அவசரம்' என்றால் தமிழில் பரபரப்பு, மலையாளத்தில் வாய்ப்பு. 'சம்சாரம்' தமிழ்ப் பேச்சில் மனைவி, மலையாளத்தில் பேச்சு. 'விஷமம்' இங்கே குறும்பு, அங்கே வருத்தம். எல்லையூரான களியக்காவிளையில் கடை வைத்திருப்பவர் இதை நாளுக்குப் பத்துமுறை சரிசெய்துகொண்டே வியாபாரம் பார்க்கிறார். அதே கவனத்தை மாயை, பற்று, கர்மம் போன்ற சொற்களிடம் காட்ட நாம் மறந்துவிடுகிறோம்.

'எல்லாம் மாயை' என்று சொல்லிக் கடன் தவணையைத் தள்ளிப்போடுகிறவர், சங்கரர் மரபு சொல்லாததைச் சொல்கிறார். கயிற்றைப் பாம்பென்று கண்டு பயந்தவனுக்குப் பாம்புதான் பொய், கயிறு பொய்யல்ல. அன்றாட நடப்புக்கு அதற்குரிய தளத்தில் ஓர் உண்மை உண்டு என்று அவர் மரபான அத்வைதமே ஒத்துக்கொள்கிறது. பற்று விடுதலும் அப்படித்தான். பொருளின் மேலுள்ள பிடியைத் தளர்த்தச் சொன்னதை, வீட்டு மனிதர்கள்மேல் அக்கறை இல்லாமல் இருப்பதற்கு அனுமதியாக எடுப்பது தவறு. ஒரு தத்துவச் சொல்லை உங்கள் வாழ்க்கையின்மேல் பொருத்துமுன், அந்தச் சொல்லே வராத ஒரு வாக்கியத்தில் அதன் பொருளைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் அது இன்னும் உங்களுக்கு வெறும் ஓசைதான்.

ஒற்றைக் குறளை எடுத்துக் கதையை முடிப்பது இங்கே மிகப் பரவலான பழக்கம். "ஊழிற் பெருவலி யாவுள" (விதியைவிட வலியது எது) என்பதைச் சொல்லி, பரீட்சையில் தோற்ற பிள்ளையைத் தேற்றுகிறோம். அது 380ஆம் குறள். 620ஆம் குறளோ, "ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்" என்கிறது. சோர்வில்லாமல் முயல்கிறவர் ஊழையே புறமுதுகிட வைப்பார் என்பது பொருள். இரண்டும் ஒரே நூலில், ஒரே குரலில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்தால் நமக்கு ஏற்கெனவே பிடித்த முடிவுக்கு வள்ளுவரைச் சாட்சியாகக் கூப்பிடுகிறோம் என்றுதான் ஆகும். மேற்கோள் நாவில் வந்ததும் அதே நூலில் அதற்கு எதிர்ப்புறம் நிற்கிற குறளைத் தேடுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் யோசிப்பதுதான் படிப்பு.

கிரேக்க அறிஞர் எபிக்டெட்டஸின் பாடம் இப்போது தமிழ் யூடியூபிலும் நிறையப் புழங்குகிறது: சில நம் கையில் உள்ளன, சில இல்லை. இதை இரண்டு விதமாகத் தப்பாகப் பிடிக்கிறார்கள். விளவங்கோடு பக்கத்து ரப்பர்த் தோட்டக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டயத்தில் ரப்பர் வாரியம் வெளியிடும் விலை அவர் கையில் இல்லை, ஜூன் மழையும் இல்லை. சரி. ஆனால் 'என் கையில் உள்ளவை' என்ற பட்டியலில் 'ஷீட்டுக்கு நல்ல கிரேடு வாங்குவது' என்று எழுதினால் அது பிழை. கிரேடு பார்க்கிறவர் வேறு ஆள். மழைக்குமுன் மரத்தில் பிளாஸ்டிக் மறைப்புக் கட்டுவது, கத்தியைத் தீட்டி வைப்பது, பட்டைக்குள்ளே காயம் படாமல் வெட்டுவது, பாலை வடிகட்டி உறையவிடுவது, புகைக்கூடத்தில் ஈரம் போகும்வரை ஷீட்டை எடுக்காமல் இருப்பது, இவைதான் அந்தப் பட்டியலுக்கு உரியவை. எபிக்டெட்டஸ் சேர்ந்த ஸ்டோயிக் மரபில் வில்லாளியை உவமை காட்டினார்கள். குறிபார்த்து எய்வது அவன் வேலை, அம்பு தைப்பது அவன் வசத்தில் இல்லை. ஆகவே பட்டியலில் வினைச்சொற்கள் மட்டும் இருக்கட்டும். நீங்கள் நாளைக்கே செய்யக்கூடிய வினைகளாக அவை இருக்க வேண்டும்.

இரண்டாவது பிழை இதைவிடக் கேடானது. 'என் கையில் இல்லை' என்று ஒருவர் எழுதியது, பலர் சேர்ந்தால் கையில் வரக்கூடியதாக இருக்கலாம். இந்த மண்ணிலேயே சான்று உண்டு. நாடார் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்த, அன்று குமரியும் அடங்கியிருந்த திருவிதாங்கூரில், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859இல் அரசு அவர்களுக்கு அந்த உரிமையை ஒத்துக்கொண்டது. தனித்தனியே எல்லோரும் 'இது நம் கையில் இல்லை, மனதை அடக்கிக்கொள்வோம்' என்று இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அதனால் தாளில் மூன்று பத்தி போடுங்கள்: என் கையில், எங்கள் கையில், யார் கையிலும் இல்லாதது. நடுப்பத்தி காலியாக இருந்தால் யோசிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்று சந்தேகப்படலாம். அநியாயத்துக்கு ஆளானவரிடம் போய் 'உன் கையில் உள்ளதைப் பார்' என்று உபதேசம் செய்யவே கூடாது. அந்தப் பாடம் ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது.

வாதத்தைப் பற்றிச் சுருக்கமாக. நாகர்கோவில் பக்கத்து மருத்துவாழ் மலையில் தவமிருந்த கேரளத்துச் சீர்திருத்தத் துறவி நாராயண குரு, 1924இல் ஆலுவாயில் சர்வமத சம்மேளனம் கூட்டினார். வாதித்து ஜெயிக்க அல்ல, அறியவும் அறிவிக்கவுமே அது என்று அங்கே அறிவித்தார். தத்துவம் படிக்கத் தொடங்கிய இளைஞர்கள் முதலில் செய்வது இதற்கு நேர்மாறு: வீட்டில் அப்பாவை மடக்குவது. எதிராளி சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். அவர் "அதுதான், அதையேதான் சொன்னேன்" என்று தலையாட்டிய பிறகு உங்கள் மறுப்பைத் தொடங்குங்கள். முதல் தடவையில் அவர் தலையாட்டுவது அரிது, அதற்குத் தயாராக இருங்கள்.

கடைசியாக, தன்னைத் தான் சோதிப்பது. இரவில் விளக்கணைத்தபின் அன்றைய நாளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தை ரோமானிய ஸ்டோயிக் அறிஞர் செனெகா எழுதிவைத்திருக்கிறார். கேள்விகள் மூன்று: இன்று உன் எந்தக் கேட்டைக் குணப்படுத்தினாய், எந்தக் குற்றத்தை எதிர்த்து நின்றாய், எந்த வகையில் மேம்பட்டாய்? இதில் தவறுகிறவர்கள் இந்த மூன்றையும் விட்டு "நான் ஏன் இப்படி இருக்கிறேன்" என்று கேட்கிறார்கள். அதற்கு விடை கிடையாது, தூக்கம்தான் போகும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு விடையிலும் ஓர் ஆளும் ஒரு நேரமும் இருக்கட்டும்: "மாலை ஆறு மணிக்கு, கறிக்கடைக்காரரிடம், மீதிச் சில்லறைக்காகக் குரலை உயர்த்தினேன்." எழுதியதும் நோட்டை மூடிவிட்டுப் படுங்கள்.