பக்கத்து வளவில் பெரிய நாய்: பிள்ளைகளை ஒழுங்கையில் விடும்போது பெரியவர்கள் விடும் தவறுகள்

"அது பழகின நாய், ஒன்றும் செய்யாது." பிள்ளையைப் பின்னேரம் விளையாட விடும்போது நாம் நம்பியிருப்பது பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தையைத்தான். முதல் தவறும் இதுதான். பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாயே: பக்கத்து வீட்டு நாய், சொந்தக்காரர் வீட்டு நாய், சில வேளை சொந்த வீட்டு நாய். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது தடவ விடுகிற நாய், அவர் இல்லாதபோது, சாப்பாட்டுக் கோப்பை முன்னால் இருக்கும்போது, குட்டி போட்டிருக்கும்போது, தூக்கத்தில் தொட்டு எழுப்பும்போது அப்படி இருக்காது. வளர்ந்த ஆண் அல்சேசன் 30 முதல் 40 கிலோ வரை இருக்கும், ரொட்வைலர் 50 கிலோவையும் தாண்டும். ஆறு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 20 கிலோ. நாய் விளையாட்டாகப் பாய்ந்தாலே பிள்ளை விழுந்துவிடும். சின்னப் பிள்ளையின் முகமும் கழுத்தும் நாயின் வாய்க்கு நேரே இருப்பதால், பெரியவருக்குக் காலில் படும் கடி பிள்ளைக்கு முகத்தில் படுகிறது.

ஆகவே நாயின் குணத்தைப் பற்றி வாதாடுவதை விட்டுவிட்டுப் படலையைப் பாருங்கள்.

மதில் ஆறடி உயரம் என்று நிம்மதியாக இருப்பது அடுத்த தவறு. நாய் வெளியே வருவது அதிகமும் மதிலுக்கு மேலால் அல்ல, திறந்த கேற்றால்தான். மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றும் அரை நிமிடம், மீன்காரர் வந்து கூப்பிடும் நேரம், ரியூசனுக்குப் போகும் பிள்ளை கேற்றைச் சாத்தாமல் ஓடும் நேரம். கொண்டி தானாக விழுகிறதா, காற்றுக்குக் கேற் திறந்துகொள்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தளர்ந்த கொண்டி நிற்காது. கேற்றை மூடி இழுக்க ஒரு சுருள் கம்பியும், கீழிருந்து நாலடி உயரத்துக்கு ஒரு தகரமும் போதும், பாதிப் பிரச்சினை குறைந்துவிடும். தகரம் எதற்கு? ஒழுங்கையால் போகும் ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்து நாள் முழுக்க வேலியோரம் ஓடிக் குரைக்கும் நாய், துரத்துவதற்குத் தினமும் பயிற்சி எடுக்கிறது. கேற் திறந்து கிடக்கும் அன்று அந்தப் பயிற்சியைப் பிள்ளையிடம் காட்டிவிடும். பார்வையை மறைத்தால் ஓட்டம் குறையும். கம்பிகளுக்கு இடையால் பிள்ளை கையை நீட்டுவதும் நின்றுபோகும்.

திருகோணமலையில் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் இன்னொரு வழி உண்டு. நாய் வேலிக்கு அடியால் கிண்டிக்கொண்டு வரும். கிடுகு வேலியும் தகர வேலியும் மாரி மழைக்குப் பிறகு அடியில் உக்கிப் போயிருக்கும். தடித்த கம்பிவலையை வேலியின் அடியோடு சேர்த்து நிலத்துக்குள் ஓரடி புதைக்க வேண்டும். புதைக்க முடியாவிட்டால் வளவின் உட்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையில் விரித்து, கல் வைத்து மண் போடலாம். கிண்டத் தொடங்கும் நாயின் நகம் வலையில் தட்டும், விட்டுவிடும். மதிலோரம் கொட்டிய மணல், அடுக்கிய கல், விறகுக் குவியல் எல்லாம் நாய்க்குப் படிக்கட்டு. அதை விலக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் படலையையும் மறக்க வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கொண்டி இருந்தால் மற்றதெல்லாம் வீண். நாலரை அடிக்கு மேலே மாற்றுங்கள்.

கட்டிய நாயால் ஆபத்தில்லை என்று நினைப்பது பழைய தவறு. கட்டியிருக்கும் நாய்க்கு விலகிப் போக வழியில்லை. பயந்தால் அதற்கு மிஞ்சுவது பல் ஒன்றுதான். இரண்டு மீட்டர் சங்கிலி என்றால் நாயின் உடல் நீளத்தையும் சேர்த்து மூன்று மீட்டர் எட்டும். அதற்கு மேல் இன்னும் ஒரு மீட்டராவது விட்டு, "இதற்கு அப்பால்தான்" என்று ஒரு மரத்தையோ கல்லையோ பிள்ளைக்குக் காட்டுங்கள். நண்பகல் வெயிலில் நிழலும் தண்ணீரும் இல்லாமல் நிற்கும் நாய் எரிச்சலோடு இருக்கும். அதற்கு ஒரு வாளி தண்ணீர் வைக்கச் சொல்வதும் பிள்ளைப் பாதுகாப்புத்தான்.

பந்து. ஒழுங்கைக் கிரிக்கெட்டில் பந்து மதிலுக்கு உள்ளே போகாத நாள் இல்லை. பிள்ளை மதில் ஏறிக் குதிப்பது அதற்காகத்தான். "போகாதே" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. மூன்று பந்து கொடுங்கள். உள்ளே விழுந்த பந்து பெரியவர் எடுத்துத் தரும் வரை கிடக்கட்டும் என்பதை விளையாட்டின் விதியாகவே ஆக்குங்கள்.

பிள்ளைக்குத் தவறாகச் சொல்லிக் கொடுப்பவை இரண்டு. ஒன்று, "நாய் வந்தால் ஓடு". ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு, எந்தப் பிள்ளையும் அதை ஓட்டத்தில் வெல்லாது. மரம் போல அசையாமல் நிற்க வேண்டும். கையை நெஞ்சோடு மடித்து, கண்ணைத் தன் காலில் வைத்து, கத்தாமல் நிற்க வேண்டும். நாய் மணந்து பார்த்துவிட்டு விலகிய பிறகு மெதுவாகப் பின்வாங்கலாம். சைக்கிளில் வந்தால் இறங்கி, தனக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளைப் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையும் குடையும் இதற்கு உதவும். விழுந்துவிட்டால் முழங்காலை வயிற்றோடு சுருட்டி, இரண்டு கைவிரல்களையும் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை உள்ளே மறைக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது. முற்றத்தில் நீங்களே நாயாக நடித்து, வாரம் இரண்டு தடவையாவது விளையாட்டாகச் செய்து பழக்குங்கள். பயம் வந்த நேரத்தில் பழகிய உடம்புதான் கேட்கும்.

மற்றது, "வாலாட்டினால் நல்ல நாய்". தளர்ந்த உடம்போடு அகல ஆடும் வால் வேறு, விறைத்து நிமிர்ந்து வேகமாகத் துடிக்கும் வால் வேறு. உடம்பு இறுகுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, சாப்பாடு இல்லாதபோதும் உதட்டை நக்குவது, உறுமுவது எல்லாம் "விலகு" என்று நாய் சொல்வது. மதிலுக்கு மேலால் கல்லெறிந்து சீண்டும் பிள்ளையைக் கண்டால் உடனே தடுங்கள். அந்த நாய்க்கு இனிப் பிள்ளை என்றாலே கல்தான்.

தீபாவளி, பொங்கல் வெடிச் சத்தத்தில் அடக்கமான நாயும் மிரண்டு கேற்றைப் பாயும். திருகோணமலை நகருக்குள் திரியும் மான்களைக் கண்டு நாய் துரத்தும்போதும் பிள்ளைகள் குறுக்கே நிற்கக் கூடாது. இந்த நேரங்களில் வீட்டுக்குள் கூப்பிடுவதே சரி.

நாய்க்காரரோடு சண்டை வந்த பிறகு கதைக்கப் போவது பெரிய தவறு. ஒன்றும் நடக்காத ஒரு நாளில் போய், "அண்ணா, பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு மணி வரைக்கும் பிள்ளைகள் ஒழுங்கையில விளையாடுவாங்க. அந்த நேரம் மட்டும் நாயைப் பின்பக்கம் விடுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். நேரத்தைக் குறித்துக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் அப்போதே கேட்டு, ஊசி போட்ட திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்வது 1901 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே உள்ள கடமை. கதைத்தும் சரிவராவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பொலிஸிலும் எழுத்தில் முறையிடலாம்.

கடித்துவிட்டால் செய்யும் தவறுகள்தான் உயிரை எடுப்பவை. சுண்ணாம்பு, மஞ்சள், கோப்பித்தூள், மிளகாய் எதையும் வைக்கக் கூடாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டாலும் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம். முகம், தலை, கழுத்து, விரல் நுனியில் பட்ட கடிக்கு ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். "ஊசி போட்ட நாய்தானே" என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள், அது வைத்தியரின் வேலை. நாயை அடித்துக் கொல்லவும் கூடாது. கட்டிவைத்து 14 நாள் பார்த்தால் அதற்கு நோய் இருந்ததா என்று தெரியும். அதற்காகப் பிள்ளையின் ஊசியைப் பிந்த வைக்கவும் கூடாது, ஏனென்றால் விசர்நோயின் குறி தென்பட்ட பிறகு காப்பாற்ற மருந்து இல்லை.

மதில் ஏறியதற்கு அடி விழும் என்று கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. இரத்தம் வராத பல் கீறலும், புண்ணில் நாய் நக்கியதும் கணக்கில் சேரும். "நாய் தொட்டால் என்னிடம் சொல், அடிக்க மாட்டேன்" என்று இன்றே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். பந்தோடு திரும்பி வரும் பிள்ளையின் கை காலை அன்றன்று குளிக்க வார்க்கும்போது ஒருமுறை பாருங்கள்.