கப்படோக்கியா பள்ளத்தாக்குகளில் நடக்க: மென்பாறையை அறிந்து போங்கள்

துருக்கியின் நடுவில், நெவ்ஷெஹிர் நகரைச் சுற்றியுள்ள கப்படோக்கியாவில் எல்லாமே ஒரு பாறையின் மென்மையால் வந்தவை. அந்த வட்டாரத்து எரிமலைகள் பல லட்சம் ஆண்டுகளாகக் கக்கிய சாம்பல் இறுகி டஃப் பாறையானது. அதன்மேல் ஆங்காங்கே கடினமான பாறை படிந்தது. விரிசல் வழியே இறங்கிய நீர் மென்பாறையை அரித்துக்கொண்டு போக, கடினக்கல் தொப்பிபோல் மூடியிருந்த இடங்கள் மட்டும் கூம்புகளாக மிஞ்சின. உள்ளூரில் இவற்றுக்குப் ‘பெரி பஜாசி’ என்று பெயர். தேவதைகளின் புகைபோக்கி என்று பொருள். உளிக்கு எளிதில் இணங்கும் பாறை என்பதால்தான் மக்கள் வீடும் தேவாலயமும் புறாக்கூடும் குடைந்தார்கள். அதே பாறைதான் காலடியில் சறுக்கும், தலைக்கு மேலே உதிரும். பயணத்தை இதை மனத்தில் வைத்தே திட்டமிடுங்கள்.

எப்போது, எங்கே தங்குவது

ஏப்ரல் முதல் ஜூன் பாதி வரையும், செப்டம்பர், அக்டோபரும் நடக்க ஏற்றவை. கோடை நண்பகலில் பள்ளத்தாக்குகளில் நிழல் குறைவு. குளிர்காலத்தில் பனி மிதிபட்டு உறைந்த பாதையில் சாதாரண காலணி நிற்காது. நடைக்காக வருபவர்கள் கோரெமேயில் தங்குவது நல்லது. பல பாதைகளை ஊரிலிருந்தே கால்நடையாகத் தொடங்கலாம். விமானத்தில் வந்தால் நெவ்ஷெஹிர் நிலையம் சுமார் 40 கி.மீ., கைசேரி நிலையம் சுமார் 75 கி.மீ. தொலைவு. இரண்டிலிருந்தும் விடுதி மூலமாக வேனை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குகை அறை எடுப்பதானால் சன்னல் உள்ள அறையாகக் கேளுங்கள். சன்னலில்லாத குடைவறையில் ஈரவாடை தங்கிவிடும்.

குறைந்தது மூன்று முழு நாள் வேண்டும். பலூனில் ஏற விருப்பமிருந்தால் முதல் காலைக்கே பதிவு செய்யுங்கள். காற்று சரியில்லை என்றால் பறக்க விடமாட்டார்கள். அடுத்த இரண்டு காலைகள் கையில் இருக்கும்.

காலடியில் என்ன நடக்கிறது

இங்கே பெரும்பாலும் விழவைப்பது செங்குத்தான ஏற்றமல்ல, சரிவான வழுவழுப்புப் பாறைமேல் கிடக்கும் பொடிமணல். பாறை தானே உதிர்ந்து, தன் மேலேயே சிறு உருளைகளாகப் பரவிக் கிடக்கிறது. அடியில் ஆழமான பிடிப்பு வெட்டுகள் உள்ள காலணி கட்டாயம். இறங்கும்போது நேராக இறங்காமல் உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முழுப் பாதமும் பதிய, சிறு அடிகளாக வையுங்கள். ஒற்றை ஊன்றுகோல் இருந்தால் போதும். இன்னொரு கை பாறையைப் பிடிக்க வேண்டும்.

மழை பெய்தால் அதே பொடி வழுக்கும் குழம்பாகிவிடும். மெஸ்கெந்திர் போன்ற பள்ளத்தாக்குகளில் ஓடையின் வழியாகக் குடைந்த சுரங்கங்களுக்குள்ளேயே பாதை போகும். இடிமழை வரும்போல் இருந்தால் அவற்றுக்குள் நுழையாதீர்கள். மழை ஓய்ந்ததும் உடனே நுழையாதீர்கள், மேலிருந்து நீர் தாமதமாக வரும்.

அரை நாள் நடைக்கு ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். வழியில் தேநீர்க் கடைகள் உண்டு என்றாலும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். பாதைகள் அடிக்கடி கிளை பிரியும், சில கிளைகள் விளிம்பில் முடியும். இறங்கிய வழியில் திரும்பி ஏற முடியுமா என்று பார்த்த பிறகே எந்தச் சரிவிலும் இறங்குங்கள்.

இரண்டு நடைகள்

முதல் நாளுக்குப் புறாப் பள்ளத்தாக்கு, அதாவது குவெர்ஜின்லிக். மேட்டிலுள்ள உச்சிசாரில் தொடங்கிக் கோரெமேவுக்கு நடந்தால் பெரும்பகுதி இறக்கமே. சுமார் 4 கி.மீ., நின்று பார்த்து நடக்க இரண்டு மணி நேரம். பாறைமுகத்தில் வரிசையாகத் தெரியும் சிறு துளைகள் புறாக்கூடுகள். எச்சத்தைத் திராட்சைத் தோட்டத்துக்கு உரமாக்கவே அவற்றைக் குடைந்தார்கள்.

மிகச் சிறந்தது சாவுஷின் ஊரில் தொடங்கி குல்லுதெரே (ரோஜாப் பள்ளத்தாக்கு) வழியாக ஏறி, கிசில்சுகூர் (சிவப்புப் பள்ளத்தாக்கு) மேட்டில் முடிக்கும் நடை. தேவாலயங்களுக்குள் நிற்கும் நேரத்தையும் சேர்த்து நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்தால் சிவந்த பாறை மாலை வெயிலில்தான் நிறம் காட்டும், ஆகவே சூரியன் மறைய நாலரை மணி நேரம் முன்பு தொடங்குங்கள். சூரியன் மறைந்தபின் வந்த வழியே இருட்டில் இறங்காதீர்கள். மேலேயே வாடகை வண்டியை வரச்சொல்லி விடுங்கள். வழியிலுள்ள தூண் தேவாலயத்தையும் சிலுவைத் தேவாலயத்தையும் பார்க்கத் தலைவிளக்கு வேண்டும். கைப்பேசி வெளிச்சம் போதாது, ஏறி இறங்க இரு கையும் தேவைப்படும்.

பலகை வைக்காத குகைகளில் நுழையுமுன் தரையைப் பாருங்கள். கூர்விளிம்போடு, சுற்றியுள்ள பாறையைவிட வெளிறிய துண்டுகள் கிடந்தால் கூரை அண்மையில் உதிர்ந்திருக்கிறது; வெளியே நில்லுங்கள். இது வீண் அச்சமல்ல. ஸெல்வேயில் குகைவீடுகளில் வாழ்ந்த மக்களைப் பாறை இடியும் ஆபத்தால்தான் 1952இல் வேறிடத்துக்குக் குடியேற்றினார்கள். அந்த ஊர் இப்போது திறந்தவெளி அருங்காட்சியகம். அதிலுள்ள மூன்று பள்ளத்தாக்குகளையும் சுற்ற இரண்டு மணி நேரம் ஆகும். கூம்புகள் செறிந்த பாஷாபாவையும் அதே அரைநாளில் பார்த்துவிடலாம்.

கோரெமே அருங்காட்சியகம்

பாறையில் குடைந்த தேவாலயங்கள் நிறைந்த திறந்தவெளி அருங்காட்சியகம் இது. திறக்கும் நேரத்திலேயே போங்கள். நுழைந்ததும் நேரே ‘கரன்லிக்’ என்ற இருட்டுத் தேவாலயத்துக்கு நடங்கள். இடம் சிறியது, கூட்டம் வந்தால் வரிசை நகராது. இதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துப் பாருங்கள். சிறு துளை வழியாக மட்டுமே வெளிச்சம் வந்ததால் இங்குள்ள சுவரோவியங்கள் நிறம் மங்காமல் நிற்கின்றன. பிறகு மற்றவை. பாறைமேல் நேரடியாகச் செங்காவியில் தீட்டிய எளிய கோலங்களையும், சுண்ணப்பூச்சின்மேல் வரைந்த முழு ஓவியங்களையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் ஒவ்வொரு குகையும் வேறாகத் தெரியும். உள்ளே படமெடுக்கத் தடை. சுவரைத் தொடவும் கூடாது, பூச்சு பாறையிலிருந்து பெயர்ந்தே இருக்கிறது.

சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஆழ்ந்த நீலப் பின்னணியில் வரைந்த ‘தொகலி’ தேவாலயம் வாயிலுக்கு வெளியே, சாலையோரம் இருக்கிறது; அதே சீட்டுதான். பலர் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். எல்லாவற்றிலும் பெரிதும் இதுவே.

இஹ்லாராவும் நிலத்தடி ஊர்களும்

இஹ்லாரா 14 கி.மீ. நீளமும் சுமார் 100 மீட்டர் ஆழமும் உள்ள பிளவு. அடியில் மெலெந்திஸ் ஆறு. முதன்மை வாயிலில் நானூறுக்குச் சற்றுக் குறைவான படிகள் இறங்கி, பெலிசிர்மா வரை சுமார் 4 கி.மீ. ஆற்றோரம் நடந்து, அங்கேயே வெளியேறினால் அந்தப் படிகளை மறுபடி ஏறவேண்டியதில்லை. குழுச்சுற்றுலாவில் இந்த நடையைத்தான் முதலில் சுருக்குவார்கள். எவ்வளவு தூரம் நடத்துவார்கள் என்று பணம் கட்டுமுன் கேளுங்கள்.

பாறைக்குள் குடைந்த நிலத்தடி ஊர்களில் தெரின்குயு, கைமாக்லி இரண்டில் ஒன்று போதும். தெரின்குயு சுமார் 85 மீட்டர் ஆழம், குனிந்தே இறங்கவேண்டிய குறுகிய படிகள். எதிரே ஒரு குழு வந்தால் ஒதுங்க இடமில்லை. முழங்கால் வலியோ மூச்சுத்திணறலோ அடைத்த இடங்களில் பதற்றமோ உள்ளவர்கள் கைமாக்லிக்குப் போகட்டும், அங்கே நான்கு தளங்களே திறந்திருக்கின்றன. கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு மேல்சட்டை எடுத்துப் போங்கள். வழியில் ஆலைக்கல் போன்ற வட்டக் கதவுகளைக் கண்டால் எந்தப் பக்கத்திலிருந்து உருட்டியிருப்பார்கள் என்று நின்று பாருங்கள்: உள்ளிருந்து மட்டுமே.