"தெரியும் சார்" என்றால் நம்பிவிடாதீர்கள்: பையன்களை முகாமுக்கு அழைத்துப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பாவுக்கும் பீடோருக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் வளர்ந்த பையன்களைப் பள்ளி விடுமுறைதோறும் ஆற்றுக்கும் மலைக்கும் கூட்டிப் போய்க்கொண்டிருந்தவன் நான். முதல் முகாம் 1979இல். 17 பையன்கள், தோட்டத்து லோரி, கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) வீட்டில் இரவல் வாங்கிய கேஸ் விளக்கு, இரண்டு தார்ப்பாய். கடைசி முகாம் 2014இல். இப்போது டவுனில் சில இளைஞர்கள் அதே வேலையைத் தொடர ஆசைப்பட்டு வீட்டுக்கு வருகிறார்கள். எந்தக் கூடாரம் வாங்கலாம், எந்த இடம் நல்லது என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் பிறகு பேசுவோம் என்று உட்காரவைத்து அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அத்தனை வருடங்களில் புலியால் எங்களுக்கு ஆபத்து வந்ததில்லை. பாம்பு நாலைந்து முறை குறுக்கே போனது, அவ்வளவுதான். என் வயிற்றைக் கலக்கிய சம்பவங்களில் பெரும்பாலானவை இரண்டே சொற்களில் தொடங்கின: "தெரியும் சார்."

நீந்தத் தெரியுமா? தெரியும் சார். இந்த வழி தெரியுமா? தெரியும் சார். மருந்து ஏதும் சாப்பிடுகிறாயா? இல்லை சார்.

பையன் பொய்யன் இல்லை. பத்துமலைத் தைப்பூசத்தைத் தவிரத் தோட்டத்துக் கேட்டைத் தாண்டிப் போயிராத பிள்ளைக்கு அந்தப் பயணம் வருடம் முழுக்கக் கண்ட கனவு. உண்மையைச் சொன்னால் வீட்டிலேயே இரு என்று விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அப்படிச் சொல்கிறான். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டது என் தவறு.

நீச்சலை வாய்மொழியில் கேட்பது

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் கோலா வோ. பத்தாங் பாடாங் ஆறும் வோ ஆறும் சேரும் இடம். கரையோரம் வெந்நீர் ஊறும். பையன்களுக்கு அதைவிடப் பிடித்த இடம் கிடையாது. அங்கேதான் 12 வயதுப் பையன் ஒருவன் என் கண்ணெதிரே மூழ்கினான். நீந்தத் தெரியும் என்று சொன்னவன். அவன் பழகியது தோட்டத்து வாய்க்காலில், இடுப்பளவுத் தண்ணீரில். அதுவும் அவனுக்கு நீச்சல்தான்.

மூழ்குகிறவன் கத்துவான், கையை ஆட்டுவான் என்று நானும் நினைத்திருந்தேன். அவன் ஒரு சத்தமும் போடவில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில், இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருந்தன. விளையாடுகிறான் என்றே பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அந்த நிலையில் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. ஐந்தாம் படிவப் பையன் ஒருவன் மூங்கிலை நீட்டி இழுத்துவிட்டான். நான் கரையில் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கேள்வி கேட்பதை விட்டேன். போய்ச் சேர்ந்ததும் இடுப்பளவுத் தண்ணீரில் எல்லாரும் மல்லாந்து ஒரு நிமிடம் மிதக்க வேண்டும், பத்து வீச்சு நீந்திக் காட்ட வேண்டும். உடன் வந்த பெரியவர்களும்தான். முடியாதவனை ஒதுக்கி உட்காரவைத்தால் அடுத்த முகாமில் அவன் இன்னும் சாமர்த்தியமாக மறைப்பான். அதனால் அவர்களைக் கயிற்றுக்காரர்கள் ஆக்கினோம். காலியான ஐந்து கிலோ சமையல் எண்ணெய்ப் போத்தலில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி இறுக மூடி, கைப்பிடியில் நீளக் கயிறு கட்டினால் தூரமாக வீசலாம், பிடித்துக்கொண்டு மிதக்கலாம். ஒரு பெரியவரின் பக்கத்தில் நின்று அதைக் குறிபார்த்து வீசுவது அவர்கள் பொறுப்பு. இரண்டாம் வருடமே, "சார், எனக்கு நீந்த வராது, நான் கயிறு" என்று தானாக வந்து சொன்னார்கள். உண்மையைச் சொல்வதால் பையனுக்கு எதுவும் பறிபோகாது என்று ஆகிவிட்டால் அவன் சொல்லிவிடுகிறான்.

காப்பாற்றும் வரிசையையும் பழக்குங்கள்: முதலில் கழியை நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றை வீசு. பின்னாலேயே குதிக்காதே. ஒருவனைக் காப்பாற்றக் குதித்து இருவர் போன கதைகள் நம் பேராக்கின் ஈயலம்பக் குட்டைகளில், அதாவது ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களில், நிறைய உண்டு. அந்தக் குட்டைகளுக்கு முகாமே வேண்டாம். கரை சரிவாக இறங்காது, ஒரே அடியில் ஆழம்.

தலைக்கு மேல் வெயில் என்று ஆற்றை நம்புவது

மலாய்க்காரர்கள் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். நீரின் தலை. நாம் குளிக்கும் இடத்தில் வானம் நீலமாக இருக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் திரண்டு ஒரே வரவாக இறங்கும்போது ஓட நேரம் இருக்காது. மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம், அதுவும் பிற்பகலில். நம் பழைய நீண்ட விடுமுறை நவம்பரில் தொடங்கும். அதாவது பையன்கள் மிகச் சுதந்திரமாக இருக்கும் மாதத்தில் ஆறு மிக மோசமாக இருக்கும்.

1986இல் ஆற்றின் நடுவே இருந்த மணல்திட்டில் கூடாரம் அடித்தேன். சமமான தரை, கல் இல்லை, காற்றோட்டம். முளையெல்லாம் அடித்து முடித்த நேரத்தில் பக்கத்துச் செமாய்ப் பழங்குடிக் கம்பத்துப் பெரியவர் ஒருவர் மீன் வலையோடு வந்தார். "சிக்கு, ஜாங்ஙான் சினி" என்றார். வாத்தியாரே, இங்கே வேண்டாமாம். எனக்கு மனம் வரவில்லை. பையன்கள் களைத்திருந்தார்கள், வானம் தெளிவாக இருந்தது. அவர் வாதாடவில்லை. கரையோர மரத்தைக் கைகாட்டினார். என் தலைக்கு மேலே, கையெட்டாத கிளையில், காய்ந்த புல்லும் ஒரு கிழிந்த பிளாஸ்டிக் பையும் சுற்றிக் கிடந்தன. தண்ணீர் கடைசியாக வந்து போன உயரம் அது. கூடாரத்தைப் பிடுங்கி மேட்டுக்கு மாற்றினோம். நாலரை மணிக்கு அந்த மணல்திட்டு இல்லை.

ஆற்றங்கரையில் இறங்கியதும் எல்லாப் பையன்களையும் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். கிளையில் புல் எங்கே தொங்குகிறது என்று முதலில் கண்டுபிடிப்பவனுக்கு மைலோ. பிறகு அறிகுறிகளை மனப்பாடம் செய்யவைப்பேன்: தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, தண்ணீர் சட்டென்று குளிர்வது, மேலே லோரி வருவது போன்ற இரைச்சல். இதில் ஒன்றைப் பார்த்தாலும் விசிலுக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏற வேண்டும். செருப்பு, சட்டை, செல்பேசி எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது. ஆற்றுக் குளியல் நண்பகலோடு முடிந்தது. ஆற்றைக் கடந்து அக்கரையில் முகாம் போடுவதும் வேண்டாம். சாலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே இருங்கள்.

லாத்தா கிஞ்சாங் போன்ற அருவிகளில் இன்னொன்றும் சேரும், பாசி. அருவியின் தலைப்பில் ஏறி நின்று படம் எடுக்க யாரையும் விடாதீர்கள்.

தோட்டத்துப் பையனுக்குக் காடு தெரியும் என்று நினைப்பது

இந்தத் தவறை நான் வெகுகாலம் செய்தேன், காரணம் நானே பால்மரத்துப் பிள்ளை, ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன். விடியுமுன் அம்மாவோடு நிரைக்குப் போனவன். ஆனால் தோட்டம் வேறு, காடு வேறு. தோட்டத்தில் மரங்கள் நிரை நிரையாக நிற்கும், எந்த நிரையைப் பிடித்து நேரே நடந்தாலும் செம்மண் ரோட்டில் ஏறிவிடலாம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் காட்டிலும் நேரே நடந்தால் ரோடு வரும் என்று நம்பி இன்னும் உள்ளே போய்விடுவான். பிறகு தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் டவுனில் தாமான் வீடுகளுக்கு வந்தன. 2000க்குப் பின் என்னோடு வந்த பிள்ளைகள் பலருக்கு அட்டை கடித்ததே முகாமில்தான் முதல்முறை.

வழி தவறினால் நடக்காதே, ஒரு பெரிய மரத்தடியில் நில், மூன்று முறை விசில் ஊது. இதைக் கிளம்பும் முன்னே திடலில் ஒத்திகை பார்க்க வேண்டும். ஆளுக்கொரு விசில், கழுத்தில். ஆளுக்கொரு எண், நிற்கும் இடமெல்லாம் அந்த எண்ணைக் கத்த வேண்டும். கடைசியில் நடப்பவர் பெரியவராக இருக்க வேண்டும். திரும்பும் நேரத்தைக் காலையிலேயே எல்லார் முன்னும் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது பிற்பகல் இரண்டு மணி, உச்சி பத்து நிமிடத் தூரத்தில் இருந்தாலும் சரி. சூரியன் மறைய ஏழுக்கு மேலாகிறது என்று அசட்டையாக இருக்காதீர்கள், மரத்தடியில் ஒரு மணி நேரம் முன்னதாகவே இருட்டும். (1982 பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதன் பிறகும் பழைய கணக்கிலேயே ஓரிரு மாதம் ஓட்டினேன்.) வனக் காப்பகத்தில் மலையேறப் பேராக் வன இலாகாவின் அனுமதியும் மாலிம் குனோங் என்னும் வழிகாட்டியும் தேவை. பக்கத்துப் போலீஸ் நிலையத்திலும் பெயர்ப் பட்டியல் கொடுத்துவிடுங்கள்.

கூடாரத்துக்கு நிழல் தேடும்போது மேலே பாருங்கள். ஜூன் விடுமுறையில் டுரியான் மரத்தடி கூடவே கூடாது. கிழட்டுப் பால்மரமும் வேண்டாம், காற்றடித்தால் கிளை முறியும். இடி கேட்டால் திடலை விட்டுச் சுவருள்ள கட்டடத்துக்கோ பேருந்துக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பின் அரை மணி இருங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையோ காலோ அசையாமல் வைத்து 999 அழையுங்கள், மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

பாரத்தை (படிவத்தை) நம்பி, வீட்டுக்குப் போகாமல் இருப்பது

பெற்றோர் பாரம் மலாயில் இருந்தது. பல தாய்மாருக்கு அதைப் படிக்க வராது. யார் நிரப்பினார்கள்? பையனே. ஆஸ்துமா, தியாடா, அதாவது இல்லை. வலிப்பு, தியாடா. ஒவ்வாமை, தியாடா. கீழே அம்மாவின் கையெழுத்து. இதை நான் கண்டுபிடித்தது, முகாம் நெருப்பின் புகையில் மூச்சு வாங்க முடியாமல் ஒருவன் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தபோது. அவனுடைய ஆஸ்துமா பம்ப் வீட்டு அலமாரியில் இருந்தது. கூட வருகிறவர்கள் கேலி செய்வார்களாம்.

அடுத்த முகாமிலிருந்து புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் சாயங்காலம் போனேன். கடும் அலைச்சல்தான். ஆனால் வாசலில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் எந்தப் பாரத்திலும் வராதது வந்துவிடும். "சார், ஒண்ணு சொல்லணும், அவன்கிட்ட கேட்டுறாதீங்க" என்று குரலைத் தாழ்த்துவார்கள். இன்னும் படுக்கையை நனைக்கிறான். இருட்டென்றால் பயம். அப்பா போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. படுக்கை நனைப்பவனுக்காக இரவு பதினொரு மணிக்கு எல்லாரையும் எழுப்பி வரிசையாகக் கூட்டிப் போனோம். யாருக்காக என்று எவனுக்கும் தெரியாது.

காலணியும் இப்படித்தான். வாங்க வசதியில்லாதவன் செருப்போடு வந்து, "இதுதான் சார் வசதி" என்பான். பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து, அடிடாஸ் கம்போங் என்று எல்லாரும் சொல்வது, விலை குறைவு, ஈரப் பாறையில் நல்ல பிடிமானம். அப்பாவுடையதைப் போட்டு வர வெட்கப்பட்டார்கள். நானும் உதவியாளர்களும் அதையே போட்டுக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பையனோடு தனியாகக் கூடாரத்திலோ குளிக்கும் இடத்திலோ இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில். நம்ம ஆள்தானே என்ற பேச்சே வேண்டாம். 2017இல் வந்த சிறார் பாலியல் குற்றங்கள் சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம். 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை முதல் நாளே பையன்களுக்கு மனப்பாடம் செய்யவையுங்கள். வேறு எதையும்விட இதைத்தான் பிள்ளைகள் மறைப்பார்கள்.

சாப்பாட்டில் ஒரே எச்சரிக்கை. காலையில் வாங்கிய நாசி லெமாக்கை மதியத்துக்கு வைக்காதீர்கள். தேங்காய்ப் பால் நம் வெயிலில் தாங்காது.

வீட்டில் இறக்கிவிட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பது

ஆற்றுத் தண்ணீரிலும் சேற்றிலும் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் காலில் உள்ள சிறு கீறல் வழியே கிருமி உள்ளே போய்விடும். கென்சிங் திக்குஸ் என்கிறார்களே, அந்த நோய். 2010இல் பகாங் மாரானில், லூபோக் யூவில் மூழ்கிய ஓர் இளைஞரைத் தேடித் தண்ணீரில் இறங்கியவர்களில் சிலர் இந்தக் காய்ச்சலும், மண்ணில் வாழும் இன்னொரு கிருமியும் தாக்கி இறந்தார்கள். நோய் உடனே தெரியாது. பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி என்று வரும். அதற்குள் முகாம் மறந்துபோயிருக்கும்.

எங்கள் பையன் ஒருவனுக்குப் பத்தாம் நாள் காய்ச்சல். கிளினிக்கில் ஆற்றில் குளித்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறான். சொன்னால் சாருக்குப் பிரச்சினை வரும், அடுத்த முகாம் நடக்காது என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். மூன்றாம் நாள் கண் மஞ்சளான பிறகுதான் அவன் தங்கை அம்மாவிடம் போட்டுக்கொடுத்தாள். பிழைத்துக்கொண்டான்.

அந்த வருடத்திலிருந்து, பையன்கள் லோரியை விட்டு இறங்குமுன் ஒவ்வொருவன் பையிலும் ஒரு தாளை வைத்தேன், தமிழிலும் மலாயிலும். டாக்டரிடம் காட்டச் சொல்லி, தேதி போட்டு, ஆற்றின் பெயர் எழுதி, கீழே என் கையெழுத்தும் வீட்டு முகவரியும்: "இந்தப் பையன் என்னோடு ஆற்றில் குளித்தான். நான்தான் கூட்டிப் போனேன்."