லுக், ஸீ, வாட்ச்: மூன்றுக்கும் 'பார்' என்று போட்டால் போதுமா?

அகராதியில் மூன்றுக்கும் 'பார்' என்றுதான் போட்டிருக்கும். அதை நம்பி அலுவலக மெயிலில் 'ஐ ஆம் ஸீயிங் யுவர் ஃபைல்' என்று எழுதினேன். 'லுக்கிங் அட்' என்று திருத்தித் திரும்பி வந்தது. காரணம் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று.

முதல் படி. தமிழ் வாக்கியத்தில் 'பார்' வரும் இடத்தில் 'தெரி'யை வைத்துப் பாருங்கள். 'மாடியிலிருந்து கடலைப் பார்க்கலாம்', 'மாடியிலிருந்து கடல் தெரியும்', இரண்டும் ஒன்றுதான் என்றால் ஸீ. கண் திறந்திருந்தாலே போதும், தானாகத் தெரிகிறது.

'தெரி' பொருந்தவில்லையா? அப்படியானால் நாமாகக் கண்ணைத் திருப்பிப் பார்க்கிறோம். போட்டோ, ஃபைல் மாதிரி சும்மா இருப்பது என்றால் லுக். கிரிக்கெட் மேட்ச், விளையாடும் குழந்தை மாதிரி நடந்துகொண்டே இருப்பது என்றால் வாட்ச். லுக்குக்குப் பின்னால் எதைப் பார்க்கிறோம் என்று சொல்ல 'அட்' கட்டாயம் வேண்டும். சினிமாவுக்கு ஸீ, வாட்ச் இரண்டும் வரும், டிவிக்கு வாட்ச்தான்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று தமிழில் யோசித்தவுடன் கை தானாக 'ஸீயிங்' என்று எழுதிவிடும். ஆனால் 'கடல் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று நாம் சொல்வோமா? தெரிவது ஒரு நிலை, நாம் செய்யும் வேலை அல்ல, அதனால் இந்தப் பொருளில் ஸீக்குப் பொதுவாக 'இங்' ஒட்டாது. சந்திப்பது என்ற பொருளில் மட்டும் தாராளமாக ஒட்டும்: 'ஐ ஆம் ஸீயிங் த டாக்டர் டுமாரோ'. நாமும் டாக்டரைப் 'பார்க்க'த்தானே போகிறோம்! ஒருவரைக் காதலிப்பதையும் 'ஸீயிங்' என்பார்கள், கவனம்.

சந்தேகம் வந்தால் லாங்மேன் அகராதியை இணையத்தில் திறங்கள். சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே பொருளை விளக்கிவிடுவார்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்களும் நிறைய. தெசாரஸ் இதற்கு வேண்டவே வேண்டாம், ஒரே மாதிரிச் சொற்களைக் குவித்துக் கொடுக்குமே தவிர வித்தியாசம் சொல்லாது.

பிறகு சேர்த்தது: ஹியர், லிசன் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அங்கே 'காதில் விழு' என்று வைத்துப் பாருங்கள். போனில் குரல் காதில் விழவில்லை என்றால் 'ஐ காண்ட் ஹியர் யூ', 'லிசன்' வராது. பாட்டை நாமாக உட்கார்ந்து கேட்கிறோம், அது லிசன், கூடவே 'டு'. வழி கேட்பதும் கடன் கேட்பதும் ஆஸ்க், அதை இந்த இரண்டோடு சேர்க்காதீர்கள்.