உமாமியை நாக்கில் கண்டுபிடிப்பது எப்படி?

இனிப்பு என்றால் சர்க்கரையைக் காட்டலாம், புளிப்புக்கு எலுமிச்சை. ஐந்தாவது அடிப்படைச் சுவையான உமாமிக்கு அப்படிச் சட்டென்று எடுத்து நீட்ட ஒன்றும் கைவசம் இருப்பதில்லை. அதனாலேயே பலர் அதைப் புரியாத சங்கதி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்க வேண்டாம். கடற்பாசியையும் காளானையும் ஒரு ராத்திரி ஊறவைத்தால் மறுநாள் காலையில் பிடிபட்டுவிடும்.

1908-ல் டோக்கியோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிகுனே இகேடா, கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றை ஆராய்ந்து, அதன் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்ற அமினோ அமில வகைப் பொருள் என்று கண்டுபிடித்தார். 'உமாய்' என்றால் ஜப்பானிய மொழியில் ருசியானது, அதிலிருந்துதான் உமாமி.

முதல் படி: தக்காளி

நன்றாகப் பழுத்த சின்னத் தக்காளி ஒன்று போதும், உப்பு வேண்டாம். வாயில் போட்டு 30 தடவை மெதுவாக மெல்லுங்கள். முதலில் புளிப்பும் இனிப்பும்தான் வரும். விழுங்கிய பிறகு உடனே தண்ணீர் குடிக்காமல் சற்றுப் பொறுங்கள். புளிப்பு போன பின்னும் நாக்கு முழுக்க மெல்லிசாக ஏதோ பூசியது போல ஒரு நிறைவு நிற்கும், எச்சில் ஊறும். அதுதான் உமாமி. காய்வெட்டாக இருந்தால் இது தெரியாது. பழுக்கப் பழுக்கத்தான் தக்காளியில் குளுட்டமேட் கூடுகிறது.

இரண்டாம் படி: இரண்டு தண்ணீர்

ஒரு கிண்ணத்தில் 250 மில்லி தண்ணீரும் விரல் நீளக் கொம்புத் துண்டும். இன்னொன்றில் அதே அளவு தண்ணீரும் உலர்ந்த ஷீடாகே காளான் இரண்டும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறட்டும். கொம்பின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சை அல்ல, கழுவித் தள்ளாதீர்கள்.

காலையில் இரண்டையும் தனித்தனியாகச் சூடாக்குங்கள். கொம்பைக் கொதி வரும் முன்பே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வழவழப்பும் கடல் வாடையும் ஏறும். காளானை எடுக்காமல், சின்னத் தீயில் நிதானமாகச் சூடேற்றுங்கள். அதன் உமாமிக்குக் காரணமான குவானிலேட் என்ற பொருள் 60–70 டிகிரி சூட்டில்தான் நன்றாக உருவாகும். அப்புறம் ஒரு கொதி விட்டு வடிகட்டுங்கள்.

மூன்றாம் படி: கலப்பது

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெதுவெதுப்பாக ஆறியதும் கொம்புத் தண்ணீரில் ஒரு வாய், கொஞ்சம் இடைவெளி விட்டுக் காளான் தண்ணீரில் ஒரு வாய். இரண்டும் சாதுவாகத்தான் இருக்கும். இப்போது பாதிக்குப் பாதி கலந்து குடியுங்கள். கலந்ததால் ஒவ்வொன்றின் அளவும் பாதியாகிவிட்டது. ருசியோ இரண்டையும் மீறி எழும்பும்! நாக்கில் உமாமியை உணரும் ஏற்பியில் (receptor) குளுட்டமேட் வந்து உட்கார்ந்ததும், அது நழுவாமல் குவானிலேட் பிடித்துக்கொள்கிறது. காளானில் இந்தக் குவானிலேட்டின் பங்கையும், இரண்டும் சேர்ந்தால் ருசி பெருகுவதையும் 1950-களின் பிற்பகுதியில் கண்டுபிடித்தவர் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா குனினாகா.

கடைசியாக, கலந்ததில் ஒரு சிட்டிகை உப்பு. உப்பில்லாத உமாமி அடங்கியே கிடக்கும். உப்பு விழுந்ததும் அந்த வெறும் தண்ணீர் சூப்பாகிவிடும்.

சரி, ஒன்றுமே தெரியவில்லையா? சூடு அதிகமாக இருந்திருக்கலாம், அல்லது சற்று முன் காபி குடித்திருப்பீர்கள். வாயைக் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் தக்காளியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.